ஒரே அந்தரம், வேறு வேறு வைத்தியம்: அடக்க முடியாத சலம் யாருக்கு ஏன் வருகிறது

ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரே காலையில் மூன்று பேர் ஒரே முறைப்பாட்டோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "சலம் முட்டினா அடக்க ஏலாது, கக்கூசுக்குப் போறதுக்குள்ள நனைஞ்சிடுது." ஏறாவூரிலிருந்து வந்த ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் குளிசை எதுவும் இல்லை, பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த எழுபது வயது ஐயாவுக்கு ஸ்கான் எழுதுகிறார்கள். சீனி வருத்தம் உள்ள மூன்றாமவரிடம் சலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று கேட்கிறார்கள். அப்புறம் வீட்டில் குழப்பம் தொடங்குகிறது. பக்கத்து வீட்டு மாமிக்குச் சுகம் தந்த குளிசையை எனக்கு ஏன் தரவில்லை?

இந்தக் கேள்வியோடு பாமசிக்குப் போய் அதே குளிசையை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. சிலருக்கு அது ஆபத்தாகவே முடியும். அறிகுறி ஒன்றாக இருந்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. வைத்தியம் காரணத்துக்குத்தான்.

சலப்பை எப்படி வேலை செய்கிறது

சிறுநீரகம் இரவு பகலாகச் சலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதைச் சேர்த்து வைப்பது அடிவயிற்றில் இருக்கும் சலப்பை. வளர்ந்த ஒருவரின் சலப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை பிடிக்கும். 150, 200 அளவில் சேரும்போதே "கொஞ்சம் இருக்கிறது" என்ற முதல் உணர்வு வந்துவிடும். ஆனால் உடனே போக வேண்டியதில்லை. சலப்பையின் சுவரில் உள்ள தசை தளர்ந்து இடம் கொடுக்கும், வாசலில் உள்ள தசைகள் இறுகி மூடிக்கொள்ளும், "இப்போது வேண்டாம்" என்று மூளை மேலிருந்து அடக்கிவைக்கும். தகுந்த இடத்துக்குப் போனதும் மூளை அனுமதி கொடுக்கிறது. சுவர்த்தசை சுருங்குகிறது, வாசல் திறக்கிறது.

இந்த ஒழுங்கில் மூன்று இடங்களில் பிசகலாம். சுவர்த்தசை கேட்காமலே சுருங்கலாம், வாசல் பலவீனமாகலாம், அல்லது மூளைக்கும் சலப்பைக்கும் இடையிலான நரம்பு வழி பழுதாகலாம்.

எதற்கு என்ன பெயர்

1. மிகையாக இயங்கும் சலப்பை: திடீரென்று, தள்ளிப்போட முடியாத அந்தரம். இதுதான் முக்கிய அடையாளம். பெரும்பாலும் பகலில் அடிக்கடி போவதும் இரவில் எழும்புவதும் சேர்ந்திருக்கும். கிருமித்தொற்று போன்ற வேறு காரணம் இல்லாதபோதுதான் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். பகலில் ஏழு தடவை வரை போவது பொதுவாகச் சாதாரணம்.

2. அந்தரக் கசிவு: அந்த அந்தரத்தோடு சேர்ந்து சலம் வெளியே வந்துவிடுவது. படலையைத் திறக்கும்போது, பைப்பில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்போது, மாரி மழையில் உடம்பு குளிரும்போது இது அதிகம் நடக்கும்.

3. அழுத்தக் கசிவு: இருமினால், தும்மினால், சிரித்தால், தண்ணீர்க் குடம் தூக்கினால் கசிவது. முன்கூட்டி அந்தரம் இருக்காது. பிழை வாசல் பக்கத்தில். சலப்பைத் தசையை அடக்கும் குளிசைகள் இதற்குப் பயன்படா.

4. கலப்புக் கசிவு: இரண்டும் சேர்ந்தது. பிள்ளை பெற்ற பெண்களில் இது சாதாரணமாகக் காணப்படும்.

5. நிரம்பி வழிதல்: சலப்பை ஒழுங்காக வெறுமையாகாமல், எப்போதும் நிரம்பியே இருந்து சிறிது சிறிதாக வழிவது. நோயாளி "அடிக்கடி வருகிறது" என்றுதான் சொல்வார். உள்ளே நடப்பதோ அதற்கு நேர்மாறு.

பக்கத்து வீட்டுக் குளிசை ஆபத்தாவது இந்த ஐந்தாவது இடத்தில்தான். சலப்பைத் தசையை அடக்கும் மருந்தை, ஏற்கெனவே வெறுமையாக முடியாத சலப்பைக்குக் கொடுத்தால் சலம் முழுதாகக் கட்டிக்கொள்ளலாம்.

முதலில் எதைப் பார்ப்பார்கள்

சல முழுப் பரிசோதனை, இரத்தத்தில் சீனி, தேவையானால் சலம் போன பிறகு உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும் ஸ்கான். பெரும்பாலானோருக்குத் தொடக்கத்தில் இவ்வளவும் போதும். இவற்றை எழுதிக் கேட்க நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் தொடங்கலாம். அங்கிருந்து தேவைப்பட்டால் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளுக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள்.

மலச்சிக்கலையும் கேட்பார்கள். வெட்கப்படாமல் சொல்லுங்கள். நிரம்பிய மலக்குடல் சலப்பையை நெருக்கும். அதைச் சரிசெய்ததும் அந்தரம் பாதியாகக் குறைந்தவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாகச் சிறுபிள்ளைகளும் முதியவர்களும்.

கிளினிக் கொப்பியையும், போடும் எல்லாக் குளிசைகளையும் கையோடு கொண்டுபோவது அவசியம். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் சலம் போக்கும் குளிசை, புதிய வகைச் சீனிக் குளிசைகளான எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை சலத்தின் அளவைக் கூட்டும். அப்படியானால் சலப்பையில் வருத்தமே இல்லாமலிருக்கலாம். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது.

மூன்று நாள் கொப்பி

விலையுயர்ந்த எந்தப் பரிசோதனையையும் விட அதிகம் சொல்லக்கூடியது, வீட்டில் எழுதும் மூன்று நாள் குறிப்பு. ஒரு பழைய அளவுக் கோப்பை, ஒரு கொப்பி, ஒரு பேனா. என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சலம் போனது, எத்தனை மில்லிலீற்றர், அந்தரம் இருந்ததா, கசிந்ததா. ஒரு நாளின் பக்கம் இப்படி இருக்கலாம்:

காலை 5.30: 350 மி.லீ.
6.00: பிளேன்டீ
6.50: 90 மி.லீ., அந்தரம்
8.00: பால் தேத்தண்ணீர்
8.40: 110 மி.லீ., அந்தரம், கசிவு
10.15: 180 மி.லீ.
பகல் 12.30: 300 மி.லீ., அந்தரம் இல்லை
மாலை 4.00: பிளேன்டீ
4.35: 100 மி.லீ., அந்தரம், படலையடியில் கசிவு
இரவு 9.30: 200 மி.லீ.
2.00: 250 மி.லீ.

இந்தப் பக்கத்தை வாசித்துப் பாருங்கள். காலையில் 350 வருகிறது, பகலில் 300 வருகிறது. ஆகவே சலப்பையின் கொள்ளளவில் குறையில்லை. சிறிய அளவுகளும் அந்தரமும் மூன்று தடவையும் தேயிலைக்குப் பின்னால்தான் வந்திருக்கின்றன. இவருக்குத் தொடங்க வேண்டிய இடம் தேத்தண்ணீரும் பயிற்சியும்.

இன்னொருவரின் கொப்பியில் ஒவ்வொரு தடவையும் 300, 400 என்று வந்து ஒரு நாளில் மூன்று லீற்றரைத் தாண்டினால், சலம் அதிகமாக உண்டாகிறது. சீனியைப் பார்க்க வேண்டும், குடிக்கும் அளவையும் பார்க்க வேண்டும். வயதானவரின் முழு நாள் சலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால், கால் வீக்கம், இதய பலவீனம், சலம் போக்கும் குளிசையின் நேரம் ஆகியவற்றை ஆராய வேண்டும். இரவும் பகலும் எப்போதும் நூறுக்குக் கீழேயே வந்தால் தொற்று, கல், அல்லது வெறுமையாகாத சலப்பை என்று சந்தேகிக்க வேண்டும்.

எல்லாருக்கும் முதற்படி

தண்ணீரைக் குறைப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் காரியம். "தண்ணி குடிச்சாத்தானே மனே சலம் வரும், அதான் குடிக்கல்ல" என்று எத்தனையோ அம்மம்மாக்கள் சொல்வார்கள். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பழக்கம் கெடுதலில் முடியும். சலம் கட்டியாகி, சலப்பையின் உட்புறத்தை எரிச்சலாக்கி, அந்தரத்தைக் கூட்டும். சலத்தொற்றும் கல்லும் மலச்சிக்கலும் தேடி வரும். சாதாரணமாக ஒரு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் தேவை. வயலிலும் வாடியிலும் வியர்த்து வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு மேலும் தேவை. குறைக்க வேண்டியது படுக்கைக்கு முந்திய இரண்டு, மூன்று மணி நேரத்தில் மட்டும். சிறுநீரக வருத்தமோ இதய பலவீனமோ உள்ளவர்களுக்கு வைத்தியர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான் கணக்கு.

தேத்தண்ணீர், கோப்பி, சோடா மூன்றையும் ஒரே நாளில் விட வேண்டியதில்லை. தேத்தண்ணீரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கொப்பியில் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கலாம். நெருஞ்சில் அவித்த தண்ணீரும் பார்லித் தண்ணீரும் சலத்தைக் கூட்டுவதற்காகவே குடிக்கப்படுபவை. அந்தரத்தால் அவதிப்படுகிறவருக்கு அவை உதவி அல்ல.

உடற்பருமன் உள்ள பெண்களில் எடை குறைத்தல் கசிவை உண்மையாகவே குறைக்கிறது. 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் உடல் எடையில் எட்டு வீதம் அளவுக்குக் குறைத்த பெண்களுக்குக் கசிவுத் தடவைகள் ஏறத்தாழப் பாதியாகின.

சலப்பைப் பயிற்சியின் ஒழுங்கு இது:

1. கொப்பியைப் பார்த்து, இப்போது சராசரி எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை போகிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள். ஒரு மணி நேரம் என்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.

2. அந்த நேரத்துக்கு முன் அந்தரம் வந்தால் ஓட வேண்டாம். ஓடினால் கசிவு கூடும். நின்ற இடத்தில் நில்லுங்கள் அல்லது இருங்கள். ஆசனவாயையும் சலவாசலையும் உள்ளே இழுப்பதுபோல ஐந்தாறு தடவை சட்டென்று இறுக்கித் தளர்த்துங்கள். அந்தரம் ஏறி இறங்கும். இறங்கிய பிறகு மெதுவாக நடந்து போங்கள்.

3. ஒரு வாரம் பிடிபட்டதும் இடைவெளியைப் பதினைந்து நிமிடத்தால் கூட்டுங்கள். மூன்று, நான்கு மணி நேரம் வரை போவதே இலக்கு.

4. குறைந்தது ஆறு வாரம் செய்யாமல் "பலனில்லை" என்று முடிவுகட்டாதீர்கள்.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சி இதற்குத் துணை. எட்டுத் தடவை இறுக்கித் தளர்த்துவது, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். வயிற்றையோ தொடையையோ இறுக்கிவிட்டு இதைச் செய்ததாக நினைப்பவர்கள் பலர். ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவில் ஒரு முறை சரியாகக் கற்றுக்கொள்வது நல்லது. சலம் போகும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யும் பழக்கம் வேண்டாம். அது சலப்பை வெறுமையாவதைக் கெடுக்கும்.

குளிசைகள் என்ன செய்கின்றன

முதலாவது வகை ஒக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சொலிஃபெனசின் போன்றவை. சலப்பைத் தசைக்குப் போகும் நரம்புச் செய்தியைத் தடுத்து அதை அமைதியாக்கும். அதே செய்தி உடம்பின் வேறு இடங்களிலும் தடைப்படுவதால் வாய் உலரும், மலம் இறுகும், பார்வை மங்கும், முதியவர்களில் சிலருக்கு மனம் குழம்பும். குறுகிய கோண குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் சலம் கட்டிக்கொள்ளும் நிலையில் இருப்பவர்களுக்கும் இவை கூடாது.

இரண்டாவது வகை மிராபெக்ரோன். வேறு வழியில் தசையைத் தளரச் செய்கிறது. வாய் உலர்வும் மலச்சிக்கலும் குறைவு, மூளைக்கும் பாதுகாப்பானது. ஆனால் பிரஷரைக் கூட்டக்கூடும். கட்டுப்பாடில்லாமல் 180/110 அளவுக்குப் பிரஷர் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. தொடங்கிய பிறகும் பிரஷர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு வகையிலும் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்களுக்கு வாய் உலர்வு மட்டும்தான் மிஞ்சும்.

ஆளுக்கு ஆள் என்ன மாறுகிறது

மாதவிடாய் நின்ற பெண்கள். ஈஸ்ட்ரஜன் ஓமோன் குறைவதால் பிறப்புறுப்பும் சலவாசலும் மெலிந்து உலர்கின்றன. அந்தரமும் எரிவும் அடிக்கடித் தொற்றும் இதனால் வரலாம். இவர்களுக்கு உள்ளே பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் களிம்பு உதவும். கருப்பை இறக்கம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ்ஸிடம் சொன்னால் பெண்களின் சுகநலம் பார்க்கும் சுவநாரி கிளினிக்குக்கு வழி காட்டுவார். "வயசு போனா இப்படித்தான்", "பிள்ளை பெத்தா இப்படித்தான்" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சகித்துக்கொள்வதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விசயம். கோயில் சடங்குக்குப் போவதை நிறுத்தி, கலியாண வீட்டுக்குப் போவதை நிறுத்தி, பஸ் ஏறுவதை நிறுத்தி, வைத்தியரிடம் மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல் வருடக் கணக்கில் இருந்துவிடுகிறார்கள். பார்த்தால் குறையக்கூடிய வருத்தம் இது.

வயதான ஆண்கள். புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கும்போது சலப்பை தள்ளித் தள்ளிக் களைத்து, கேட்காமலே சுருங்கத் தொடங்கும். அதனால்தான் அந்த ஐயாவுக்கு முதலில் ஸ்கான். சலத்தாரை மெல்லியதா, தொடங்க நேரம் ஆகிறதா, போன பிறகும் சொட்டுகிறதா என்று கேட்பார்கள். பொதுவாக வழியைத் தளர்த்தும் டம்சுலோசின் போன்ற மருந்தில் தொடங்கி, மிச்சச் சலம் குறைவு என்று உறுதியானால் மட்டுமே சலப்பையை அடக்கும் மருந்தைச் சேர்ப்பார்கள். டம்சுலோசின் போடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள். சீனி கூடினால் சலத்தோடு வெளியேறும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சீனி கட்டுப்பட்டதும் பாதிப் பிரச்சினை போய்விடலாம். பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் நரம்பு மரத்து, சலப்பை நிரம்புவதே தெரியாமல் போய் வழிதலில் முடியும். ஒரே நோயின் இரண்டு முனைகள், இரண்டுக்கும் எதிரெதிரான வைத்தியம்.

பாரிசவாதமும் பார்க்கின்சனும். மூளையின் அடக்கும் கட்டளை பலவீனமாகிறது. கையும் காலும் மெதுவாக இயங்குவதால் கக்கூசுக்குப் போய்ச் சேர நேரமும் போதாது. நேரம் வைத்துக் கூட்டிப்போவதும், சாரத்தையும் உடுப்பையும் சுலபமாகக் கழற்றக்கூடியதாக மாற்றுவதும் குளிசையைப் போலவே முக்கியம்.

மறதி நோய் உள்ள முதியவர்கள். இவர்களில் ஒக்சிபியூட்டினின் போன்ற மருந்துகளைத் தவிர்ப்பதே நல்லது. தடிமனுக்குப் போடும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் அதே வகைப் பாதிப்பை உண்டாக்குவதால், ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து குழப்பத்தைக் கூட்டும். இவர்களுக்கு இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் "ஒண்டுக்குப் போவோமா" என்று கேட்டுக் கூட்டிப்போவதே முதல் வைத்தியம். நம் பகுதியில் பல வீடுகளில் மலசலகூடம் முற்றத்தின் கோடியில் இருக்கிறது. மாரி காலத்தில் வழுக்கும் முற்றத்தில் இருட்டில் ஓடி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, கசிவை விடப் பெரிய ஆபத்து. கட்டிலடியில் கொமோட் கதிரையோ ஒரு பாத்திரமோ, பாதையில் ஒரு லைட்டோ வைத்துவிடுங்கள். கால் வீக்கம் உள்ளவர்கள் பின்னேரத்தில் காலை உயர்த்தி வைத்திருந்தால், இரவில் சேர வேண்டிய சலம் படுக்கைக்கு முன்னரே போய்விடும்.

முள்ளந்தண்டில் காயம் பட்டவர்கள். யுத்தத்தில் காயப்பட்டவர்களும், மரத்திலிருந்து விழுந்தவர்களும், வீதி விபத்தில் அடிபட்டவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இவர்களின் கதை முற்றிலும் வேறு. சலப்பைக்குள் அழுத்தம் ஏறி, சலம் பின்னோக்கித் தள்ளப்பட்டால் சிறுநீரகமே பழுதாகும். நனையாமல் இருப்பதோடு, சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதும் இங்கே நோக்கம். பொதுவாக நாலு முதல் ஆறு மணிக்கொரு தரம் தாங்களே சுத்தமான கதீற்றர் (சலம் எடுக்கும் மெல்லிய குழாய்) போட்டு வெளியேற்றப் பழக்குவார்கள், கூடவே சலப்பையை அடக்கும் மருந்து தருவார்கள். நெஞ்சளவுக்கு மேலே காயம் உள்ளவருக்குத் திடீரென்று கடும் தலையிடியும் வியர்வையும் பிரஷரும் ஏறினால், சலப்பை நிரம்பியிருக்கலாம். அது அவசர நிலை.

பிள்ளைகள். பள்ளிக்கூடக் கக்கூஸ் அசுத்தமாக இருப்பதால் காலையிலிருந்து பின்னேரம் வரை அடக்கிவைக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. குதிக்காலில் குந்தியிருந்து அடக்குவது இதன் அடையாளம். மலச்சிக்கலைத் தீர்ப்பது, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் போக வைப்பது, ஆசிரியரிடம் சொல்லி அனுமதி வாங்கிவைப்பது. பெரும்பாலும் இதுவே போதும். அடிப்பதும் ஏசுவதும் நிலைமையை மோசமாக்கும்.

கர்ப்பிணிகள் அடிக்கடி போவது இயல்பு. சலத்தொற்று இல்லை என்று உறுதிப்படுத்தினால் போதும்.

தொழுகையும் நோன்பும் பயணமும்

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பலர் முதலில் கவலைப்படுவது வுழூ (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாவது) முறிவதைப் பற்றித்தான். தொடர்ந்து கசிவு உள்ளவர், தொழுகை நேரம் வந்த பின் சுத்தம் செய்து, பேட் வைத்து, வுழூ எடுத்துத் தொழுவதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. விவரத்தை மௌலவியிடம் கேளுங்கள். இதற்காகப் பள்ளிவாசலை விட வேண்டியதில்லை. நோன்பில் விடியுமுன் உண்ணும் சஹருக்குத் தேத்தண்ணீருக்குப் பதில் தண்ணீர் குடிப்பது பகலை இலகுவாக்கும். சலம் போக்கும் குளிசையின் நேரத்தை நோன்புக்கு முன் வைத்தியரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கொழும்புக்குப் போகிறவர்கள் இரவு பஸ்ஸை விட ரயிலைத் தெரிவுசெய்யலாம். கக்கூஸ் இருக்கிறது என்ற நிம்மதியே அந்தரத்தைக் குறைக்கும்.

குளிசை கேட்காவிட்டால்

பயிற்சியும் இரண்டு வகைக் குளிசையும் பயன்படாதவர்களுக்கு, விசேட வைத்திய நிபுணர் சலப்பைச் சுவரில் தசையைத் தளர்த்தும் போடொக்ஸ் ஊசி போடலாம். பல மாதங்களுக்குப் பலன் தரும், பிறகு திரும்பப் போட வேண்டும். சிலருக்குச் சலம் போகாமல் கதீற்றர் தேவைப்படலாம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் செய்வார்கள். கணுக்கால் நரம்பை வாரம் ஒரு முறை அரை மணி நேரம், பன்னிரண்டு வாரம் மெல்லிய மின்சாரத்தால் தூண்டும் முறையும், முதுகின் அடியில் நரம்புத் தூண்டி பொருத்தும் முறையும் உலகில் பயன்பாட்டில் உள்ளன.

காத்திருக்கக் கூடாதவை

1. சலத்தில் இரத்தம், வலி இல்லாவிட்டாலும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் சலப்பைப் புற்றுநோயை நினைத்து உடனே காட்ட வேண்டும்.
2. காய்ச்சல், நடுக்கம், விலா நோவு.
3. சலம் அறவே போகாமல் அடிவயிறு வீங்குதல்.
4. திடீர்க் கசிவோடு காலில் பலவீனம், ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போதல். அன்றைக்கே ஆஸ்பத்திரி.
5. பிள்ளைப்பேற்றுக்கோ கருப்பைச் சத்திரசிகிச்சைக்கோ பிறகு இரவு பகலாக ஓயாமல் வடிதல். இது சலப்பாதையில் விழுந்த துவாரமாக இருக்கலாம், பயிற்சியாலும் குளிசையாலும் மாறாது.
6. வயதான ஆண் ஒருவர் புதிதாகப் படுக்கையை நனைக்கத் தொடங்குதல். வலி இராது, அவர் முறைப்பாடும் சொல்லமாட்டார். ஆனால் சலப்பை நிரம்பி வழிந்து சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கலாம் என்பதால், பம்பர்ஸ் வாங்குவதற்கு முன் ஸ்கானும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.